நூற்றுக்கு எத்தனை?

பிற மாநிலங்களில் பிழைக்கச் சென்ற நம்மவருள் ஒருவருக்குத் தொழிலிடத்தில் விபத்து நேர்ந்தால், முதலில் எழும் எண்ணம் ஊருக்குத் திரும்பிவிடலாம் என்பதே. வீட்டுச் சோறும் ஊர் வைத்தியமும் புண்ணை ஆற்றும் என்று நாம் நெடுநாளாக நம்பி வந்திருக்கிறோம். ஆனால் 1924-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி நடைமுறைக்கு வந்த தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டம் இந்த வழக்கத்தின் குறுக்கே நின்றது. விபத்தைக் குறித்துத் தொழிலாளி அறிவிப்புக் கொடுத்த மூன்று நாளுக்குள், தம் செலவில் அவரை மருத்துவரிடம் காட்ட முதலாளி முன்வரலாம். தொழிலாளி அதற்கு உடன்பட வேண்டும். அப்படிக் காட்டாமலே வேலையிடத்தை விட்டுத் தாமாக அகன்றால், திரும்பி வந்து பரிசோதனைக்கு உட்படும் வரையில் அவருடைய உரிமை நிறுத்தி வைக்கப்படும். பம்பாய்த் தாராவியில் தோல் பதனிட்ட திருநெல்வேலித் தொழிலாளிக்கு ஊர் எத்தனை தொலைவு என்பதைச் சட்டம் எண்ணிப் பார்க்கவில்லை.

பரிசோதனையில் எதனை அளந்தார்கள் என்று நேயர்கள் கேட்கலாம். 1923-இல் இயற்றப்பட்ட அச்சட்டத்தின் அட்டவணை விந்தையானது. வலக்கையை முழங்கைக்கு மேல் இழந்தவனுக்குச் சம்பாதிக்கும் திறனில் நூற்றுக்கு 70 குறைவு, இடக்கையானால் 60, ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25. இடக்கைப் பழக்கமுடையவனை அந்த அட்டவணை அறியாது! பிற்காலத் திருத்தத்தில் வலம் இடம் என்னும் வேற்றுமை நீங்கிற்று. கண் 40 ஆகவும் கட்டைவிரல் 30 ஆகவும் உயர்ந்தன.

எனினும் உடலின் குறைவு வேறு, உழைப்பின் இழப்பு வேறு. 1968-இல் திரைப்பட அரங்கொன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் விழுந்து, இடக்கையை முழங்கைக்கு மேல் இழந்தார். இழப்பு ஒரு பகுதியே என்றார் முதலாளி. தச்சு வேலையை ஒரு கையால் செய்ய முடியாது, ஆகவே இழப்பு முழுமையானதே என்று உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அதே கையை இழந்த எழுத்தர் தம் நாற்காலியில் தொடர்ந்து அமரக்கூடும் அல்லவா? மோட்டார் விபத்து வழக்கொன்றில் 2010-இல் அந்நீதிமன்றம் இந்த வேறுபாட்டை மேலும் விரித்துரைத்தது.

1995-ஆம் ஆண்டுச் சட்டம் சலுகைகளுக்கு 40 விழுக்காட்டை எல்லையாக வகுத்தது. அந்த எல்லை 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. இங்கே அளக்கப்படுவது உடற்குறையே. கூலி இழப்பு அன்று. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி ஏமாந்தவர் பலர். நமக்கு ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. 2016-ஆம் ஆண்டுச் சட்டப்படி வழங்கப்படும் சான்றிதழ் நாடு முழுவதும் செல்லும். நாக்பூரில் பெற்றதை மதுரையில் மறுக்க இயலாது. அளவீட்டை ஏற்க மனமில்லையேல் மேல்முறையீட்டுக்கும் வழியுண்டு.

மருத்துவர் முன் செல்லும் நாளுக்கு முன்னதாகவே சிகிச்சைச் சீட்டுகளையும் எக்ஸ்ரே படங்களையும் தேதி வரிசையில் அடுக்கிக்கொள்வது நன்று. நஷ்ட ஈட்டு வழக்கானால், விபத்துக்கு முன் செய்த வேலை இன்னதென்றும், அதில் இப்பொழுது கைவராதது எதுவென்றும் உள்ளூர் மொழியில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நம்மவரிடம் ஒரு பழக்கம் உண்டு: எப்படி இருக்கிறது என்று மருத்துவர் கேட்டால், “பரவாயில்லை ஐயா” என்று விடையிறுப்போம். மரியாதைக்காகச் சொல்லும் அச்சொல்லையும் மருத்துவர் தம் குறிப்பில் எழுதிக்கொள்வார்.