தர்மச் சொத்தும் குடும்பப் பாகமும்

நெடுங்காலம் நடந்த இல்லறம் மரணத்தாலோ விவாகரத்தாலோ முடிவுறுங்கால், அக்குடும்பத்தின் சொத்தும் முன்னோர் வைத்த தர்மமும் யாரைச் சாரும் என்னும் வினா நம் சமூகத்தாரிடையே அடிக்கடி எழக் காண்கிறோம். முகப்பேர், பாடி, அம்பத்தூர் முதலிய ஊர்களில் முன்பு விளைநிலமாயிருந்தவை வீட்டுமனைகளாகி விலையேறிய பின்னர், இவ்வினா கடுமையும் பெற்றுவிட்டது. ஆதலின் இதன் சரித்திரத்தைச் சுருங்க உரைப்பாம்.

சென்னையில் பெரும் பொருளீட்டிய பச்சையப்ப முதலியார் 1794ஆம் வருஷம் மார்ச்சு 22ந் தேதி மரண சாசனம் எழுதி, அம்மாதம் 31ந் தேதி திருவையாற்றில் காலமானார். அவருக்கு மனைவியர் இருவர். தம் பொருளில் பெரும்பகுதியைச் சிவதர்மங்களுக்கும் பிற அறங்களுக்கும் அவர் ஒதுக்கியிருந்தார். ஆயினும் வாரிசுப் பிணக்குகளும் வியாஜ்யங்களும் மூண்டமையால் தர்மம் தடைப்பட்டது. அட்வகேட் ஜெனரலாயிருந்த ஜார்ஜ் நார்ட்டன் துரை முதலானோர் முயற்சியால் 1832இல் சுப்ரீம் கோர்ட்டு திட்டம் வகுத்தது. 1842இலேயே பச்சையப்பர் பள்ளி திறக்கப்பட்டது. சாசனம் எழுதியும் நாற்பத்தெட்டு வருஷம் கழிந்ததென்றால், சாசனமே எழுதாத குடும்பங்களின் நிலை என்னாகும்!

நிற்க. முற்காலத்தில் கைம்பெண்ணுக்குப் பெரும்பாலும் ஜீவனாம்சமே கிட்டிற்று. 1937ஆம் வருஷத்துச் சட்டம் கணவன் சொத்தில் மகனுக்கு ஒப்பான பாகம் அளித்தது. ஆனால் அது ஆயுள்வரை அனுபவிக்கும் பாத்தியதையாகவே இருந்தது. 1956ஆம் வருஷத்து வாரிசுரிமைச் சட்டமே அதனை முழு உரிமையாக்கிற்று. மதராஸ் மாகாணத்தில் 1949இலும், தேசமுழுமைக்கும் 1955இலும் ஹிந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் வந்தது. ஸ்திரீதனம் மனைவிக்கே உரியது, கணவன் வீட்டார் அதனைக் காப்பவரேயன்றி உடையவரல்லர் என்று சுப்ரீம் கோர்ட்டு 1985இல் தீர்த்தது.

எனினும், விவாகம் ரத்தானவுடன் கணவன் சொத்தைச் சரிபாதியாகப் பகிரும் விதி ஹிந்து விவாகச் சட்டத்தில் இன்றும் இல்லை. ஜீவனாம்சமும், விவாகத்தின்போது இருவருக்கும் பொதுவாக வந்த பொருள்களின் பங்கீடுமே அதிற் காண்பன. இங்ஙனமிருக்க, 2023ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் சென்னை ஹைகோர்ட்டு ஒரு நல்ல தீர்ப்பு உரைத்தது. கணவர் பல்லாண்டு அயல்நாட்டில் உழைத்துப் பணம் அனுப்ப, மனைவி இங்கே மக்களை வளர்த்துக் குடும்பம் காத்த வழக்கு அது. அவள் வீட்டுழைப்பும் பொருளீட்டத்திற்கு உதவியதாகலின், அக்காலத்து வாங்கிய சொத்துக்கள் சிலவற்றில் அவளுக்குச் சமபாகம் உண்டென நீதிபதி கூறினார்.

இனித் தர்மத்தைப் பற்றி ஒன்று. குடும்பத்தார் நன்மைக்கென ஏற்படுத்திய டிரஸ்டுச் சொத்து அதன் பத்திரம் விதித்தபடி பகிரப்படும். கோயிற்கட்டளை, அன்னதானம், கல்வி முதலிய பொதுத்தர்மத்திற்கு அர்ப்பணித்த சொத்தோ பாகத்திற்கு வாராது. பங்காளிகள் முறைவைத்து நிர்வகிக்கலாமேயன்றிப் பங்கிட்டுக்கொள்ளல் இயலாது. கணவன் மனைவியர் பிரிந்தாலும் அதன் நிலை மாறாது.

ஆகையால் நம்மவர் குடும்பச் சொத்து இது, ஸ்திரீதனம் இது, தர்மச் சொத்து இது என்று தாம் நலமுடன் இருக்கும்போதே தனித்தனி எழுதி, பதிவு செய்து வைப்பாராக. தர்மம் கோர்ட்டு வாயிலில் காத்துக் கிடக்கவும், குடும்பம் காத்த மூதாட்டி பிள்ளைகள் வீட்டு வாயிலில் காத்துக் கிடக்கவும் நாம் இடங்கொடுத்தல் தகாது.