நெருக்கடி மீட்ட துவிச்சக்கரவண்டி

மேடுபள்ளம் குறைந்த சிலாபக் கரையோரம் துவிச்சக்கரவண்டிக்கு இயல்பாகவே ஏற்ற நிலமாகும். 1885இல் இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்டார்லி அமைத்த ‘ரோவர்’ வண்டியும், 1888இல் டன்லொப் காப்புரிமை பெற்ற காற்றடைத்த ரயரும் அவ்வண்டியைத் தொழிலுக்குச் செல்வோரின் ஊர்தியாக்கின. மோட்டார்ச் சைக்கிள் பெருகியபோதோ, அது வறுமையின் அடையாளமாகக் கருதப்படலாயிற்று.

2022இல் இலங்கையின் அந்நியச் செலாவணி வற்றியது. யூன் இறுதியில் எரிபொருள் விற்பனை அத்தியாவசிய சேவைகளுக்கென மட்டுப்படுத்தப்பட்டது. அடுத்து வந்த பங்கீட்டு முறையில் மோட்டார்ச் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றரே கிடைத்தது. மண்ணெண்ணெயின்றி மேற்குக் கரையோரத்து மீன்பிடிப் படகுகள் கரையில் கிடந்தன. நாடெங்கும் பலர் சைக்கிளிலே தொழிலுக்குச் செல்லத் தொடங்கினர். 1990இன் பின் எரிபொருள் தடையுள் வாழ்ந்த யாழ்ப்பாணம் இந்நிலையை முன்னரே கண்டிருந்தது.

ஆயினும் ரூபாவின் வீழ்ச்சியாலும் இறக்குமதிக் கட்டுப்பாட்டாலும் சைக்கிளின் விலையும் ஏறியது. என்றும் அதனையே நம்பியிருந்த கூலித்தொழிலாளிக்குப் புதியதொன்றை வாங்குதல் அரிதாயிற்று. செல்வர் அதனை நாடிய வேளையில் வறியவர் அதனை இழக்க நேர்ந்தமையே இவ்வரலாற்றின் முரண்.

பெற்றோல் வந்ததும் வரிசைகள் மறைந்தன. சிலாபத்தை ஊடறுக்கும் கொழும்பு–புத்தளம் வீதியில் பேருந்தும் லொறியும் மீண்டும் விரைகின்றன. அவ்வீதியில் சைக்கிளோட்டிக்குப் பாதுகாப்பான ஓரம் ஒதுக்கப்படும்போதே 2022 கற்பித்த பாடம் பயன்தரும்.