திறமையை இனங்கண்ட பெரியோர்கள்



அறிவுத்திறனை அல்லாஹ் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் வழங்குவதில்லை. ஏழைக்கும் அநாதைக்கும் வழங்குகிறான். அதனை இனங்கண்டு வளர்க்கும் பொறுப்போ பெரியோர்களுடையது. நமது வரலாறே இதற்குச் சான்று.

ஸைத் இப்னு ஸாபித் (ரலி)

கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்கள் மதீனா வந்தபோது ஸைத் (ரலி) அவர்களுக்கு ஏறத்தாழ 11 வயது. தந்தையார் அதற்கு முன்பே புஆஸ் போரில் மாண்டுவிட்டார். பத்ருக்குப் புறப்பட முனைந்த ஸைத், வயது போதாதெனத் திருப்பி அனுப்பப்பட்டார். ஆயினும் வாளேந்த இயலாத அச்சிறுவரிடம் வேறோர் ஆற்றல் இருந்தது.

பத்ரில் சிறைப்பட்டவர்களுள் எழுதத் தெரிந்தோர், மீட்புத்தொகைக்கு ஈடாக ஆளுக்குப் பத்துச் சிறுவர்களுக்கு எழுத்துக் கற்பித்தனர். அவ்வாறு கற்றவர்களுள் ஸைதும் ஒருவர் என்று இப்னு ஸஅத் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். பின்னர் நபியவர்கள் யூதர்களின் எழுத்தையும் கற்குமாறு அவரைப் பணித்தார்கள். ஏறக்குறைய அரை மாதத்தில் அதில் தேர்ந்தார். கடிதங்களை எழுதும் பொறுப்பும் படித்துக் காட்டும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தன. யமாமா போருக்குப் பின்னர் திருக்குர்ஆனை ஒன்றுதிரட்டும் மாபெரும் பணியை அபூபக்ர் (ரலி) அவர்கள் ஒப்படைத்ததும் இந்த இளைஞரிடமே.

இமாம்கள் இருவர்

ஹிஜ்ரி 150இல் பிறந்த இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தந்தையை இழந்தவர்கள். மக்காவில் உஸ்தாதுக்குக் கூலி கொடுக்கவும் தாயாரிடம் பொருளில்லை. தாம் இல்லாத வேளைகளில் பிற மாணவர்களைக் கவனித்துக் கொண்டாலே போதும் என்று அந்த உஸ்தாத் பொருந்திக் கொண்டார். கூலியைக் கேட்டு அவர் கண்டிப்புக் காட்டியிருந்தால்?

கூஃபாவில் இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் பாடத்திற்கு அபூயூசுஃப் என்ற ஏழை மாணவர் வந்து கொண்டிருந்தார். பிழைப்புக்கு வழி தேடும்படி வீட்டார் அவரைத் தடுத்தனர். அவர் வராததைக் கவனித்த இமாமவர்கள் காரணத்தை விசாரித்தார்கள். 100 திர்ஹம் கொண்ட பையொன்றைக் கொடுத்து, பாடத்தை விடவேண்டாம், இது தீர்ந்தால் சொல்லும் என்றார்கள். ஆனால் அவர் வாய்திறந்து கேட்குமுன்னரே அடுத்த 100 திர்ஹம் வந்தது. பட்டு வணிகரான இமாமின் பொருள் ஒரு மாணவரைத் தாங்கிற்று. அம்மாணவரே ஹாரூன் ரஷீத் காலத்தில் தலைமை காஜியாக விளங்கி, ‘கிதாபுல் கராஜ்’ நூலையும் இயற்றினார்.

நமது கடமை

இம்மூன்று வரலாறுகளிலும் ஒரே ஒழுங்கைக் காண்கிறோம். ஒருவர் கவனித்தார், தக்க பணியோ பாடமோ கொடுத்தார், வறுமை குறுக்கிட்டபோது தடையை நீக்கினார். பரிசளிப்பு விழாவில் முதல் மதிப்பெண்ணுக்குக் கேடயம் வழங்குவது நன்றே. ஆனால் படிப்பை நிறுத்திக் கடைக்குச் சென்றுவிட்ட பிள்ளை அந்த மேடைக்கு வருவதேயில்லை. பாடத்திற்கு வராதவரைத் தேடியதுதான் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் சிறப்பு.

மக்தப் உஸ்தாதுமார்களும் பள்ளி ஆசிரியர்களும் கலந்துபேசி, மஹல்லாவின் திறன்மிக்க ஏழைப் பிள்ளைகளை ஆண்டுதோறும் பட்டியலிட வேண்டும். அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் 8ஆம் வகுப்பு ஏழை மாணவர்களுக்காக 2008இல் நடுவண் அரசு ஏற்படுத்திய தேசியத் திறன் படிப்பு உதவித்தொகைத் தேர்வு போன்றவற்றுக்கு அவர்களை ஆயத்தப்படுத்த வேண்டும். கேட்குமுன் கொடுக்கும் நிதியொன்றும் வேண்டும். பெண்மக்களும் இப்பட்டியலில் இடம்பெறுவது அவசியம்.

நம் பிள்ளைகளின் அறிவை வல்ல அல்லாஹ் பெருக்குவானாக! ஆமீன்.