காப்பீடு இணைந்த வங்கிக் கணக்கு

காப்பீடு இணைந்த வங்கிக் கணக்கு என்பது சேமிப்புக் கணக்குடன் விபத்து, ஆயுள் அல்லது மருத்துவக் காப்பீட்டையும் சேர்த்து வழங்கும் வங்கிச் சேவை ஆகும். இதற்கான விலையை வங்கிகள் ஆண்டுக் கட்டணமாகவோ, உயர்ந்த குறைந்தபட்ச இருப்பாகவோ, பற்று அட்டைக் கட்டணத்தின் பகுதியாகவோ பெறுகின்றன. இத்தகைய கணக்கு ஒருவருக்குப் பயனுள்ளதா என்பது, காப்பீட்டுத் தொகையின் அளவைக் காட்டிலும், தேவைப்படும்போது அவருடைய குடும்பம் அதனைக் கோரிப் பெற இயலுமா என்பதையே பொறுத்துள்ளது.

இது வைப்புத்தொகைக் காப்பீட்டிலிருந்து வேறுபட்டது. வங்கி நலிவுற்றால் வைப்பாளருக்கு 5 இலட்சம் ரூபாய் வரை வழங்கும் வைப்புத்தொகைக் காப்பீடு, இந்தியாவில் எல்லாக் கணக்குகளுக்கும் தனிக் கட்டணமின்றி உள்ளது. அவ்வரம்பு 2020 பெப்ரவரி 4 முதல் நடைமுறையில் உள்ளது.

இந்தியாவில் உள்ள அடிப்படைத் திட்டங்கள்

கட்டணக் கணக்கு ஒன்றை மதிப்பிடுவதற்கு, குறைந்த செலவில் எவருக்கும் கிடைக்கும் காப்பீடுகளை அளவுகோலாகக் கொள்ளலாம்.

* ஜன் தன் திட்டம்: 2014 ஆகத்து 28 அன்று தொடங்கப்பட்டது. குறைந்தபட்ச இருப்பு தேவையில்லை. ரூபே அட்டையுடன் 1 இலட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு உண்டு; 2018 ஆகத்து 28-க்குப் பின் தொடங்கப்பட்ட கணக்குகளுக்கு இது 2 இலட்சம் ஆகும்.
* சுரக்ஷா பீமா திட்டம்: 18 முதல் 70 வயது வரை உள்ளவர்களுக்கானது. ஆண்டுக் கட்டணம் 20 ரூபாய். விபத்தில் இறப்பு அல்லது முழுமையான நிரந்தர ஊனத்திற்கு 2 இலட்சமும், ஒரு கண், ஒரு கை அல்லது ஒரு கால் இழப்பிற்கு 1 இலட்சமும் வழங்கப்படும்.
* ஜீவன் ஜோதி பீமா திட்டம்: 18 முதல் 50 வயது வரை சேரலாம், காப்பீடு 55 வயது வரை தொடரும். ஆண்டுக் கட்டணம் 436 ரூபாய். இறப்பு எக்காரணத்தால் நேர்ந்தாலும் 2 இலட்சம் ரூபாய் வழங்கப்படும்.

பின்னிரண்டு திட்டங்களும் 2015-இல் தொடங்கப்பட்டவை. அவற்றின் கட்டணங்கள் முறையே 12, 330 ரூபாயாக இருந்து 2022 சூன் 1 முதல் உயர்த்தப்பட்டன. இரண்டிலும் சேர ஆண்டுக்கு 456 ரூபாய் போதுமானது. ஒருவர் பல வங்கிகளில் சேர்ந்திருந்தாலும் ஒவ்வொரு திட்டத்திலும் ஒரே ஒரு தொகையே கிடைக்கும்.

உண்மையான செலவு

எடுத்துக்காட்டாக, ஒரு கணக்கின் ஆண்டுக் கட்டணம் 1,000 ரூபாய் எனில், 18% சரக்கு மற்றும் சேவை வரி சேர்த்து 1,180 ரூபாய் ஆகும். கட்டணமில்லாக் கணக்கு எனக் கூறப்பட்டாலும், 10,000 ரூபாய் எப்போதும் இருப்பில் இருக்க வேண்டுமெனில் அதுவும் செலவே. சேமிப்புக் கணக்கு வட்டி 2.5%, நிலை வைப்பு வட்டி 6.5% என்று கொண்டால், ஆண்டுக்கு 400 ரூபாய் வட்டி இழப்பு ஏற்படுகின்றது.

கள்ளக்குறிச்சி, கல்வராயன் மலைப் பகுதியில்

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலையில் பெரும்பான்மையாக மலையாளிப் பழங்குடியினர் வாழ்கின்றனர். மரவள்ளி, சிறுதானியம், புளி, கடுக்காய் ஆகியவற்றைச் சார்ந்து வாழும் குடும்பங்களுக்குப் பாம்புக்கடி, மரத்திலிருந்து விழுதல் போன்றவை எதிர்பார்க்கத்தக்க இடர்கள் ஆகும்.

சுரக்ஷா பீமா திட்டம் இவ்விரண்டையும் விபத்தாக ஏற்கின்றது. ஆனால் அவற்றுக்கு உடனடி மருத்துவமனைப் பதிவு சான்றாக வேண்டும். சாலை விபத்து, நீரில் மூழ்குதல் போன்றவை காவல்துறையில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். நாட்டு மருத்துவம் மட்டும் பெற்று, மருத்துவமனைப் பதிவு இல்லாமல் இறந்தவரின் குடும்பம் கட்டணம் செலுத்தியிருந்தும் தொகையைப் பெறுவது கடினம். தனியார் வங்கியின் 10 இலட்ச ரூபாய்க் காப்பீடும் சான்றில்லாத இடத்தில் இக்குறையை நீக்காது.

வேலை தேடி வெளியூர் செல்வோருக்கு மற்றோர் இடர் உண்டு. இத்திட்டங்களின் ஆண்டு சூன் 1 முதல் மே 31 வரை ஆகும். புதுப்பிப்புக் கட்டணம் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும். அப்போது இருப்பு இல்லையெனில் காப்பீடு நின்றுவிடும். ஜீவன் ஜோதி திட்டத்தில் மீண்டும் சேர்ந்தால், முதல் 30 நாட்களில் விபத்தல்லாத இறப்பிற்குத் தொகை கிடைக்காது.

ரூபே அட்டைக் காப்பீட்டிலும் நிபந்தனை உண்டு. ஜன் தன் அட்டை விபத்து நாளுக்கு முந்தைய 90 நாட்களுக்குள் ஒரு முறையாவது பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும். பெட்டியில் வைத்துப் பூட்டிய அட்டை காப்பீடு தராது.

முடிவு செய்யும் முறை

1. மேற்கூறிய 456 ரூபாய்த் திட்டங்களில் முன்பே சேர்ந்துள்ளாரா எனக் கணக்குப் புத்தகத்தில் பார்த்தல்.
2. கட்டணக் கணக்கில் மருத்துவக் காப்பீடு இருப்பின், குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 இலட்சம் வரை வழங்கும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துடன் ஒப்பிடுதல்.
3. வயது வரம்பு, விலக்குகள், அட்டைப் பயன்பாட்டு நிபந்தனை ஆகியவற்றை எழுத்து வடிவில் கேட்டுப் பெறுதல்.
4. நியமனதாரர் பெயரைப் பதிவு செய்து, காப்பீடு இருப்பதை அவருக்கும் தெரிவித்தல்.

இவற்றுக்குப் பின்னும் கூடுதல் தொகைக்குத் தேவை இருந்தால், உதாரணமாக நாள்தோறும் இரு சக்கர வாகனத்தில் நெடுந்தொலைவு செல்பவருக்கு, கட்டணக் கணக்கு பயன்படலாம். அதே தொகைக்குத் தனி விபத்துக் காப்பீட்டின் கட்டணத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று. அடிப்படைத் திட்டங்களிலேயே சேராதவருக்கு முதலில் அவையே ஏற்றவை.

பிற நாடுகளில்

ஐக்கிய இராச்சியத்தில் மாதக் கட்டணத்திற்குப் பயணக் காப்பீடு முதலியவை சேர்த்து விற்கப்பட்டன. வயது முதலிய காரணங்களால் காப்பீட்டைப் பயன்படுத்தவே இயலாதவர்களுக்கும் அவை விற்கப்பட்டதாக முறையீடுகள் எழுந்தன. 2013 மார்ச் 31 முதல், வாடிக்கையாளரின் தகுதியை விற்கும்போதே ஆராய்வதும், ஆண்டுதோறும் தகுதி அறிக்கை அனுப்புவதும் வங்கிகளின் கடமையாயின.

முறையீடு

காப்பீடு வாங்கினால்தான் வங்கிச் சேவை எனக் கட்டாயப்படுத்த இந்திய வங்கிகளுக்கு அனுமதி இல்லை. ஒப்புதலின்றிப் பணம் பிடிக்கப்பட்டால் முதலில் வங்கியிடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்வு கிடைக்காவிடின் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரை அணுகலாம். காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் அலுவலகத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.