இன்னார் மனைவிக்கு ஓட்டு இல்லை

இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பே ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் ஓட்டை இழந்திருந்தார்கள். அவர்கள் வயது வந்தவர்கள். அரசமைப்புச் சட்டத்தின் 326-ஆம் பிரிவு அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதப்பட்டது. ஆனால் வாக்காளர் கணக்கெடுக்க வந்தவர்களிடம் அவர்கள் சொந்தப் பெயரைச் சொல்லவில்லை, அல்லது வீட்டார் சொல்லவில்லை. ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்றே பதிவானார்கள். அப்படிப்பட்ட பதிவுகள் செல்லாது என்று முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் முடிவெடுத்தார். பெயரைத் திருத்திக்கொள்ள அவகாசம் கொடுத்துப் பார்த்தும் பலன் போதவில்லை, பதிவுகள் நீக்கப்பட்டன. பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், விந்தியப் பிரதேசம் ஆகிய இடங்களில்தான் இந்த இழப்பு மிகுதி. ஓட்டுரிமை என்றதும் நாம் அரசமைப்பையும் வாக்குச்சாவடியையும் நினைக்கிறோம். இவை இரண்டுக்கும் நடுவே இருக்கும் பட்டியலில்தான் அந்த உரிமை பெரும்பாலும் கிடைக்கிறது, அல்லது தொலைகிறது என்பதே இந்த வரலாறு காட்டும் உண்மை.

பெயர் சொல்லக் கூச்சப்பட்டது அந்தப் பெண்களின் வழக்கம், அதற்கு அரசு என்ன செய்யும் என்று கேட்கலாம். வழக்கம் உண்மைதான். ஆனால் அந்த வழக்கத்துக்கு அரசாங்கமே முத்திரை குத்தியிருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியின் 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் சொத்தும் வரியும் உள்ளவர்களுக்கே ஓட்டு. பெண்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது மாகாணச் சட்டமன்றங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. 1921-இல் முதலில் சேர்த்துக்கொண்டது சென்னை மாகாணம். அப்போதும் சொத்துள்ள பெண்களுக்குத்தான் அது பயன்பட்டது, அவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்! 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வட்டத்தைக் கொஞ்சம் அகலமாக்கியது. எழுதப் படிக்கத் தெரிந்த பெண்ணும், தகுதியுள்ள ஆணின் மனைவியோ விதவையோ ஆனவளும் வாக்காளர் ஆகலாம் என்றது. அதாவது, கணவனின் சொத்தே மனைவியின் தகுதி. ஒரு பெண் இன்னாரின் மனைவி என்பதற்காகவே பட்டியலில் இடம் கொடுத்த அரசாங்க முறை, பதினைந்து ஆண்டுகள் கழித்து, இன்னாரின் மனைவி என்று பதிந்ததற்காகவே அவளை நீக்கியது.

இத்தனைக்கும் அந்தப் பட்டியல் அலட்சியமாகத் தயாரானதல்ல. அரசமைப்பு எழுதி முடிக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னதாகவே, 1947 இறுதியில், அரசமைப்பு நிர்ணய சபையின் செயலகம் அதற்கான வேலையைத் தொடங்கிவிட்டது. 21 வயது, தொகுதியில் 180 நாள் வசிப்பு என்பவை அளவுகோல்கள். பிரிவினையில் ஊரை விட்டு ஓடிவந்தவர் 180 நாளுக்கு எங்கே போவார்? அகதிகள் சங்கங்கள் இதைக் கேட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதின. நிலையாக இங்கேயே வாழப்போகிறேன் என்று எழுதிக்கொடுத்தால் போதும் என விதி தளர்ந்தது. 17 கோடிக்கும் மேற்பட்டோர் கொண்ட அந்தப் பட்டியலின் வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். நடைமுறை அறிந்து, உரிய நேரத்தில், எழுத்தில் கேட்டவர்களுக்காக விதியே வளைந்தது. கேட்கத் தெரியாதவர்கள், கேட்க ஆளில்லாதவர்கள் பட்டியலுக்கு வெளியே நின்றார்கள்.

சுகுமார் சென் செய்தது தவறா? தவறு என்று சொல்லத் தயங்குகிறேன். பெயரில்லாத பதிவு கள்ள ஓட்டுக்குத் திறந்த கதவு. ‘இன்னார் மனைவி’ என்று யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம். அதைவிட, கணவனின் நிழலில் ஒரு வாக்காளரைப் பதிவதில்லை என்ற உறுதி பெண்களைத் தனி ஆளாக மதித்த ஒன்று. கொள்கை சரிதான். விலையை யார் கொடுத்தார்கள் என்பதுதான் கேள்வி. அரைகுறையாக எழுதிக்கொண்டு போனவர் அரசு ஊழியர். ஓட்டை இழந்தவர் அந்தப் பெண்.

பிறகு வந்த சட்டங்களும் பட்டியலையே மையமாக வைத்தன. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62-ஆம் பிரிவு சொல்வது இது: பெயர் பட்டியலில் இல்லாதவர் வாக்களிக்க முடியாது. 1993 முதல் தரப்பட்டுவரும் வாக்காளர் அடையாள அட்டை கையில் இருந்தாலும் பெயர் இல்லையென்றால் திரும்பிப் போகவேண்டியதுதான். பெயர் இருந்து அட்டை தொலைந்திருந்தால் ஆணையம் ஏற்கும் வேறு ஆவணத்தைக் காட்டி வாக்களிக்கலாம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் ஆதாரைக் காட்டி ‘சவால் ஓட்டு’ போடலாம் என்று தேர்தல்தோறும் வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் பொய். சவால் என்று விதியில் இருப்பது, வந்திருப்பவர் உண்மையான வாக்காளர்தானா என்று பூத் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிப்பது. ‘சர்கார்’ படம் வந்தபின் தமிழ்நாட்டில் பலருக்குத் தெரிந்த 49-பி என்ற விதி வேறு. உங்கள் பெயரில் யாரோ ஏற்கெனவே ஓட்டுப் போட்டுவிட்டால், அடையாளத்தை நிரூபித்துத் தாள் வாக்குச்சீட்டு கேட்டு வாங்கலாம். அந்தச் சீட்டு உறையில் தனியே வைக்கப்படும். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது, நீதிமன்றம் கேட்டால்தான் வெளியே வரும். இதுவும் பட்டியலில் இருப்பவருக்கு மட்டுமே.

பட்டியலே எல்லாம் என்றால் அதிகாரியின் பேனாவே எல்லாம் ஆகிவிடாதா என்ற அச்சம் நியாயமானது. அதற்குத் தடுப்புகளும் உண்டு. தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்காமல் ஒருவர் பெயரை நீக்கக்கூடாது என்கிறது 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரின் முந்தைய பதிவுக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்று 1995-இல் லால் பாபு உசேன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025-இல் பீகாரில் நடந்த வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின்போது வரைவுப் பட்டியலில் சுமார் 65 லட்சம் பெயர்கள் இடம்பெறவில்லை. அந்தப் பெயர்களையும் நீக்கத்துக்கான காரணத்தையும் வெளியிடும்படி அதே நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் இந்தப் பாதுகாப்புகள் எதுவும் தாமாக வீடு தேடி வருவதில்லை. வரைவுப் பட்டியல் வந்ததும் பெயர் இருக்கிறதா, எழுத்து சரியா என்று பாருங்கள். வீட்டுப் பெரியவர்களின் பெயரையும் தேடுங்கள். இல்லையென்றால் படிவம் 6, பிழை இருந்தால் படிவம் 8. விண்ணப்பத்தை நிராகரித்தால் மாவட்ட ஆட்சியரிடம் மேல்முறையீடு செய்யலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு அந்தத் தேர்தலுக்கான பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது.