விமான எஞ்சினுக்கான ரீனியம்: துணை விளைபொருளின் அளிப்பும் மறுசுழற்சியின் இடமும்

முன்னுரை

விமான எஞ்சினில் எரிப்பறையை அடுத்துச் சுழலும் டர்பைன் பிளேடுகளைச் சூழும் வாயுவின் வெப்பநிலை 1500 டிகிரி செல்சியசைத் தாண்டுகிறது. அந்தப் பிளேடு செய்யப்படும் நிக்கல் கலவையோ 1350 டிகிரி அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். பிளேடுக்குள் அமைந்த குளிர்காற்று வழிகள், மேலே பூசப்பட்ட பீங்கான் படலம், கலவையின் உட்கட்டமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைக் காக்கின்றன. அந்த உட்கட்டமைப்புக்கு வலுவூட்டும் உலோகங்களுள் முதன்மையானது ரீனியம். உலகம் முழுவதும் ஓராண்டில் தாதுவிலிருந்து பிரித்தெடுக்கப்படுவது ஏறத்தாழ 60 டன்தான். அதில் பெரும்பகுதி எஞ்சின்களுக்கே செல்கிறது.

அரிய உலோகங்களுக்குத் தேவை கூடும்போது புதிய கனிமப் படிவுகளைத் தேட வேண்டும் என்பதே வழக்கமாக முன்வைக்கப்படும் தீர்வு. ரீனியத்துக்கு இத்தீர்வு பொருந்தாது என்றும், கலவை வடிவமைப்பும் மறுசுழற்சியுமே அதன் தட்டுப்பாட்டைத் தணிக்க வல்லவை என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

ரீனியத்தின் பணி

ஜெர்மனியில் வால்டர் நோடாக், இடா டாக்கே, ஓட்டோ பெர்க் ஆகியோர் 1925-ல் கண்டறிந்த ரீனியத்தின் உருகுநிலை ஏறத்தாழ 3180 டிகிரி. உலோகங்களில் டங்ஸ்டன் மட்டுமே இதை விஞ்சுகிறது. ஆனால் பிளேடில் அது சேர்க்கப்படுவதற்கு உருகுநிலை மட்டும் காரணம் அன்று. சுழலும் பிளேடை மையவிலக்கு விசை இடைவிடாது வெளிநோக்கி இழுக்கிறது. உயர்வெப்பத்தில் இவ்வாறு இழுபடும் உலோகம் மெல்ல நீண்டுகொண்டே போகும். பொருளறிவியலில் இதற்கு ஊர்வு என்று பெயர். நிக்கலுக்குள் மிக மெதுவாகவே நகரும் ரீனிய அணுக்கள் இந்த ஊர்வை மட்டுப்படுத்துகின்றன.

படிகங்கள் ஒன்றையொன்று தொடும் எல்லைகளே உயர்வெப்பத்தில் வலுவிழப்பவை. ஆகவே பிளேடு ஒற்றைப் படிகமாக வார்க்கப்படுகிறது. மெழுகு வார்ப்பு முறையில் செய்த பீங்கான் அச்சில் உருகிய கலவையை ஊற்றி, உலையின் சூடான பகுதியிலிருந்து அச்சைச் சீராகக் கீழிறக்குவார்கள். அடியிலிருந்து உறையும் உலோகத்தில் பல படிகங்கள் முளைக்கும். அச்சின் அடியிலுள்ள சுருள்வழியே அவற்றுள் ஒன்று மட்டும் மேலேறிப் பிளேடு முழுவதையும் நிரப்பும். பிராட் அண்ட் விட்னி நிறுவனம் வளர்த்தெடுத்த இம்முறை 1980களின் தொடக்கத்தில் பயணிகள் விமான எஞ்சினுக்கு வந்தது. அன்றைய முதல் தலைமுறைக் கலவைகளில் ரீனியம் இல்லை. அடுத்து வந்த சிஎம்எஸ்எக்ஸ்-4, ரெனே என்5, பிடபிள்யூஏ 1484 ஆகியவற்றில் அது 3 சதவீதம். மூன்றாம் தலைமுறையில் ஏறத்தாழ 6 சதவீதம். அளவு மிகும்போது கலவைக்குள் நொறுங்கும் தன்மையுள்ள படிகங்கள் தோன்றுகின்றன, எடையும் கூடுகிறது. ஆகவே தொழில்நுட்பமே இதற்கு ஒரு மேல்வரம்பு வைத்திருக்கிறது.

துணை விளைபொருளின் பொருளியல்

ரீனியத்துக்கென்று தனிச் சுரங்கம் நடத்தப்படுவதில்லை. சிலியிலும் அமெரிக்காவிலும் தாமிரத் தாதுவோடு மாலிப்டினைட் என்னும் கனிமம் கிடைக்கிறது. அதில் பத்து லட்சத்தில் சில நூறு பங்கு அளவுக்கு ரீனியம் உள்ளது. மாலிப்டினைட்டை வறுக்கும்போது ரீனியம் ஆக்சைடாக மாறி ஆவியாகிப் புகையோடு வெளியேறும். புகையை நீரால் கழுவிப் பிடித்தால்தான் அது அமிலக் கரைசலாகக் கைக்கு வரும். பிறகு அம்மோனிய உப்பாக்கி, ஹைட்ரஜனால் ஒடுக்கி உலோகத்தூள் பெறுகிறார்கள். கழுவும் ஏற்பாடு இல்லாத ஆலையில் அது புகைபோக்கி வழியே போய்விடும். போலந்தில் தாமிர உருக்காலை வாயுக்களிலிருந்து இதைப் பிரிக்கிறார்கள். உலக உற்பத்தியில் ஏறத்தாழ பாதி சிலியுடையது.

இதன் விளைவைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 2000களின் முற்பகுதியில் கிலோவுக்கு 1,000 டாலர் அளவில் இருந்த விலை 2008-ல் 10,000 டாலரைத் தாண்டியது. அந்த விலையிலும் 60 டன்னின் மொத்த மதிப்பு 60 கோடி டாலர் அளவுதான். அதே ஆண்டில் வெட்டியெடுத்த தாமிரத்தின் மதிப்போ அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல். ரீனியத்துக்காக எவரும் கூடுதலாகத் தாமிரம் வெட்டப் போவதில்லை. விலை பத்து மடங்கு ஏறியும் உற்பத்தி அதற்கு ஈடாகப் பெருகாததன் காரணம் இதுவே.

தேவையின் பக்கமும் நெகிழ்வு இல்லை. ஒரு பிளேடின் கலவையை மாற்ற வேண்டுமானால் சோதனை, சான்றளிப்பு எனப் பல ஆண்டுகள் ஆகும். விலைக்கு ஏற்ப அளிப்பும் வளையாது, தேவையும் வளையாது என்ற இந்நிலையில் சிறு தட்டுப்பாடும் பெரும் விலையேற்றமாக வெடிக்கிறது.

இரண்டு முன்னுதாரணங்கள்

1978-ல் அன்றைய ஜயீரின் ஷாபா மாநிலத்தில் மூண்ட போர், உலகின் முதன்மைக் கோபால்ட் மூலத்தை உலுக்கியது. விலை பல மடங்கானது. அமெரிக்காவின் நாசா, முக்கிய உலோகங்களின் பயன்பாட்டைக் குறைக்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 13 சதவீத அளவில் கோபால்ட் கொண்ட வாஸ்பலாய் இருந்த இடங்கள் சிலவற்றை, கோபால்ட் ஏறக்குறைய இல்லாத இன்கோனெல் 718 பிடித்தது. ஆனால் 718-க்கு 5 சதவீத அளவில் நியோபியம் தேவை; உலக நியோபியத்தின் பெரும்பகுதி பிரேசிலில் கிடைக்கிறது. மாற்று உலோகம் ஒன்றைக் கொண்டுவருவது பெரும்பாலும் சார்புநிலையை இடம் மாற்றுவதோடு நின்றுவிடுகிறது.

ஜெனரல் எலக்ட்ரிக் 2005-ல் தொடங்கிய திட்டம் இன்னும் ஆழமானது. ரீனியத்தை 3 சதவீதத்திலிருந்து 1.5 சதவீதமாகக் குறைத்த ரெனே என்515 கலவையை அது உருவாக்கியது. கூடவே, வார்ப்பாலையின் வாய்க்கால்களில் உறைந்த மிச்சம், கடைசலில் விழும் சுருள்கள், ஆயுள் முடிந்த பிளேடுகள் ஆகியவற்றைத் திரும்பப் பெறும் ஏற்பாட்டையும் செய்தது. பிற்பாடு விலை உச்சத்திலிருந்து பெரிதும் இறங்கியதில் சுரங்கங்களைவிட இத்தகைய முயற்சிகளுக்கே பங்கு அதிகம் என்பது என் கருத்து.

பீங்கான் இழைக் கலவைகள் வந்தபின் ரீனியத்துக்கு வேலை இராது என்று சிலர் கருதலாம். லீப் எஞ்சினில் அவை 2016 முதல் பயன்படுவது உண்மை. ஆனால் அங்கே அவை சுழலாத உறைப் பகுதிகளில்தான் உள்ளன. இழுவிசை தாங்கிச் சுழலும் பிளேடுகளில் நிக்கல் கலவையின் ஆட்சி இன்னும் தொடர்கிறது.

இந்தியச் சூழல்

ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம் ஒற்றைப் படிகப் பிளேடு நுட்பத்தைக் கைவரப்பெற்று, ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக 60 பிளேடுகளை இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துக்கு வழங்கியதாக 2021-ல் அறிவிக்கப்பட்டது. 2023-ல் மத்திய அரசு வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் ரீனியமும் உள்ளது. தமிழ்நாட்டின் அரூர்–ஊத்தங்கரைப் பகுதியிலும் மத்தியப் பிரதேசத்தின் மலாஞ்ச்கண்டிலும் மாலிப்டினக் கனிமம் இருப்பது அறியப்பட்டதே. எனினும் சுரங்கம், செறிவூட்டல், வறுத்தல், புகை கழுவுதல் என்ற சங்கிலி முழுவதும் அமைந்தால்தான் ரீனியம் பற்றிப் பேசவே முடியும். அப்போதும் அதன் அளவை மாலிப்டினத்தின் சந்தையே தீர்மானிக்கும்.

மறுபுறம், இந்திய விமானங்களிலிருந்து கழற்றப்படும் தேய்ந்த பிளேடுகளில் தாதுவைவிடப் பன்மடங்கு செறிவில் ரீனியம் இருக்கிறது. தாமிரத் தாதுவிலிருந்து பிரித்த மாலிப்டினைட்டில் அது பத்து லட்சத்தில் சில நூறு பங்கு என்றால், இரண்டாம் தலைமுறைப் பிளேடில் 30,000 பங்கு.

முடிவுரை

ரீனியத்தைப் பொறுத்தவரை சுரங்கத் தேடலுக்கு முன்னுரிமை தருவது தவறான முதலீடு. பராமரிப்புப் பட்டறைகளில் கழிக்கப்படும் பிளேடுகளைக் கலவை வாரியாகப் பிரித்துப் பதிவேட்டில் ஏற்றுவதும், அவற்றைச் சாதாரண நிக்கல் ஸ்கிராப்போடு கலந்து விற்பதைத் தடுப்பதும், மீட்டெடுக்கும் ஆலை ஒன்றை உள்நாட்டில் நிறுவுவதும் உடனடித் தேவைகள். வெவ்வேறு கலவைகள் ஒருமுறை ஒன்றாக உருக்கப்பட்டுவிட்டால் அவற்றிலிருந்து ரீனியத்தைப் பிரிப்பது பெருஞ்செலவு. ஆகவே பிரித்து வைக்கும் விதி முதலில் வர வேண்டும்; ஆலை அதன் பின்னே வரலாம்.