ஒரே பாட்டு, ரெண்டு தட்டு

ஹெலோவீன் 1989இல் வெளியிட்ட கச்சேரி ஆல்பம் என் அலமாரியில் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று 'லைவ் இன் தி யு.கே.', மற்றது அதுவே ஜப்பானில் 'கீப்பர்ஸ் லைவ்' என்று பெயர் மாறி வந்தது.

"ஒரே பாட்ட எதுக்குடா ரெண்டு தடவ வாங்குன?" என்றாள் அம்மா. ஜப்பான் பதிப்பைச் சுற்றியிருந்த காகிதப் பட்டையைக் காட்டினேன். ஓபி என்பார்கள், கிமோனோவின் இடைக்கச்சைக்கும் அதே பெயர்தான். பட்டை இல்லாவிட்டால் விலை இறங்கிவிடும். அம்மாவுக்கு இதெல்லாம் பதிலாகவே படவில்லை.

பவர் மெட்டல் பைத்தியங்களுக்கு ஜப்பான் பதிப்பு என்றால் தனி மரியாதை. வேறெங்கும் இல்லாத ஒரு பாட்டு அதில் கூடுதலாக இருக்கும். அதற்குக் காரணம் கலையல்ல, சட்டம். புத்தகம், பத்திரிகை, இசைத்தட்டு ஆகியவற்றை நிர்ணயித்த விலையிலேயே விற்கவேண்டும் என்று கடைக்காரரைக் கட்டுப்படுத்த, ஜப்பான் 1953இல் வெளியீட்டாளர்களுக்கு அனுமதி கொடுத்தது. பின்னால் சிடிக்கும் அதே முறைதான். ஆனால் இறக்குமதியான சிடிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது, மலிவாகக் கிடைத்தது. உள்ளூர் ரசிகன் அந்தப் பக்கம் போய்விடாமலிருக்க, ஜப்பான் கம்பெனிகள் ஐரோப்பிய பாண்டுகளிடம் ஒரு பாட்டு அதிகம் கேட்டு வாங்கின. ஆக, சம்பளத்தில் துண்டு விழ நான் வாங்கிச் சேர்த்தது ஒரு விலைச் சிக்கலின் உபவிளைவை. தெரிந்த பிறகும் வாங்குவதை நிறுத்தவில்லை.

அம்மா கேட்டதற்குப் பின்னால் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. எங்கள் ராஜபாளையம் வீட்டுப் பரணில் ஒரு தகரப்பெட்டி இருந்தது. 1936இல் ராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய புதிதில் வேலைக்குச் சேர்ந்த என் கொள்ளுத்தாத்தா வாங்கிய கிராமபோன் ரிக்கார்டுகள் அதில். பெரும்பாலும் எஸ். ஜி. கிட்டப்பா. இன்ஜினியரிங் இரண்டாம் வருட லீவில் பரணைச் சுத்தம் செய்தவன் நான். போட்டுக் கேட்கப் பெட்டி இல்லை, சில தட்டுகள் உடைந்தும் இருந்தன. பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிட்டேன். அவர் தகரத்துக்குத்தான் காசு கொடுத்தார். தட்டுகளை எடைகூடப் போடவில்லை.

கிட்டப்பா எங்களுக்கு அசலூர்க்காரர் அல்ல. இங்கிருந்து தெற்கே பஸ் ஏறினால் வரும் செங்கோட்டையில் 1906இல் பிறந்தவர். மைக் வராத நாடக மேடையில் கடைசி வரிசைவரை எட்டிய குரல். முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' 1931 அக்டோபரில் வந்தது. 1933 டிசம்பரில் கிட்டப்பா போய்விட்டார், 27 வயதில். ஒரு படத்திலும் நடிக்கவில்லை. அவர் மனைவி கே. பி. சுந்தராம்பாளை 'திருவிளையாடல்' போன்ற படங்களில் திரையில் பார்க்கலாம். கிட்டப்பாவுக்கு மிஞ்சியது பக்கத்துக்கு மூன்று சொச்சம் நிமிஷம் ஓடும் தட்டுகள் மட்டும்.

அவையும் அரக்கும் கல்பொடியும் கலந்து அச்சடித்தவை. கீழே விழுந்தால் ஓடு மாதிரி உடையும். ஒவ்வொரு முறை போடும்போதும் எஃகு ஊசி கொஞ்சம் தின்னும். அதனால் ஜனங்கள் அதிகம் ரசித்த பாட்டுத்தான் அதிகம் தேய்ந்துபோயிருக்கும். சுழலும் வேகம் ஆறு சதவீதம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறிவிடும். சாவி கொடுத்து ஓட்டிய பெட்டியில் யார் எதை எந்த வேகத்தில் கேட்டார்களோ!

இப்போது அவரைக் கேட்கிறோமென்றால் வி. ஏ. கே. ரங்காராவ் மாதிரி சேகரிப்பாளர்கள் இத்தட்டுகளைக் குப்பை என்று நினைக்காததால்தான். பழைய தட்டைக் கணினிக்கு மாற்றுகிறவர்களுக்கு ஒரு பிரதி போதாது. ஒன்றில் கீறல் விழுந்த இடம் மற்றதில் நன்றாக இருக்கலாம். இரண்டிலிருந்தும் எடுத்து ஒட்டலாம். அம்மாவின் கேள்விக்கு உருப்படியான பதில் இதுதான். ஆனால் அது என் ஹெலோவீனுக்குப் பொருந்தாது. அது இன்னும் ஆயிரக்கணக்கில் கிடக்கிறது.

போன பொங்கலுக்குத் தயங்கித் தயங்கிக் கேட்டேன். "அந்தப் பெட்டில என்னென்ன பாட்டும்மா இருந்துச்சு?"

"எல்லாம் எனக்கெங்க ஞாபகம்? எவரனி ரெண்டு இருந்துச்சு. ஒண்ணுல கீறல் விழவும் பெரிய தாத்தா இன்னொண்ணு வாங்கியாந்தாராம்."